இடது பக்கத்து வலி

கொய்யாப்பழம் வேண்டாம் அக்கா. தப்பாக நினைத்துக்கொள்ளாதீர்கள். நல்ல பழம்தான், நீங்கள் பையைத் திறந்ததும் பஸ் முழுக்க மணக்கிறது. எனக்கு விதை ஆகாது. கொய்யா, தக்காளி, கத்தரிக்காய், வெள்ளரிக்காய், எள், கசகசா, கடுகு. ஆமாம், கடுகும்தான். தாளிப்பதற்கு முன்பே என் பங்கை ஒரு கிண்ணத்தில் எடுத்து வைத்துவிடுவேன். விதை ஒன்றும் செய்யாதம்மா, தாராளமாகச் சாப்பிடு என்றுதான் டாக்டர் சொன்னார். சொல்லிவிட்டு அவர் வீட்டுக்குப் போய்விட்டார். வயிறு என்னோடு அல்லவா வீட்டுக்கு வருகிறது.

அப்புறம் ஒரு உதவி. நீங்கள் ஜன்னல் பக்கம் நகர்ந்துகொள்கிறீர்களா? எனக்கு இந்த ஓரம் வேண்டும். படிக்கட்டுக்குப் பக்கத்தில் இருந்தால் ஒரு தைரியம். ரொம்ப நன்றி.

காரணம் சொல்லாமல் இடம் வாங்குவது மரியாதை இல்லை, அதனால் சொல்கிறேன். எனக்குக் குடலில் ஒரு கோளாறு. டைவர்டிகுலைட்டிஸ். சொல்லிப் பாருங்கள், வராது. எனக்கு வரும், நான் கான்வென்ட். அந்த வார்டிலேயே பெயரை முதல் தடவை சரியாகச் சொன்னது நான் ஒருத்திதான் என்று நர்ஸம்மா சொன்னார். பழைய சைக்கிள் டியூபில் அங்கங்கே புடைத்துக்கொண்டு நிற்குமே, அதுபோலப் பெருங்குடலின் சுவரில் சின்னச் சின்னப் பைகள். அவை சும்மா இருந்தால் நாமும் சும்மா இருக்கலாம். அதில் ஒன்று சீழ் பிடித்தால் இடது பக்கம் அடிவயிற்றில் வலி, காய்ச்சல், குமட்டல். வயசானவர்களுக்கு வருகிற வியாதி. எனக்கு இருபத்தொன்பது. எப்போதும் வகுப்பில் முதலாவதாக வந்தவள், இதிலும் முந்திக்கொண்டேன்.

இப்போது பரவாயில்லை. ஆனால் ஒரு நாள் போலவே இன்னொரு நாள் இருக்காது. சில நாள் கல் போல இருக்கும். சில நாள் வயிறு இரைந்துகொண்டே இருக்கும், எந்த நேரத்தில் கூப்பிடும் என்று சொல்ல முடியாது. அதனால் வெளியே கிளம்பினால் பிளாஸ்கில் வெந்நீர், ஒரு மாற்றுச் சேலை, வழியில் எங்கெங்கே அந்த இடம் இருக்கிறது என்கிற கணக்கு, இந்த மூன்றும் இல்லாமல் கிளம்ப மாட்டேன். பெட்ரோல் பங்கில் ஒன்று இருக்கிறது, சாவியை அந்த ஆளிடம் கேட்டு வாங்க வேண்டும். எப்படிக் கேட்பது? டவுனில் நல்ல சுத்தமான இடம் நகைக்கடையில்தான் இருக்கிறது, மாடியில், ஏ.சி. கூட உண்டு. தோடு பார்ப்பது போலப் போவேன். நாலைந்து தடவை தோடே வாங்காமல் திரும்பினதில் அந்த சேல்ஸ் பெண் ஒரு மாதிரி பார்த்தாள். அதற்காகவே அங்கே நகைச்சீட்டில் சேர்ந்துவிட்டேன். இப்போது கௌரவமாகப் போய் வருகிறேன். சீட்டு முடிந்தால் ஒரு மோதிரமும் வரும்.

சிரிக்காதீர்கள் அக்கா. சிரித்தால் எனக்கும் சிரிப்பு வரும், சிரித்தால் இங்கே பிடித்துக்கொள்ளும்.

எல்.கே.ஜி.யிலிருந்து பன்னிரண்டு வரை ஒரே கான்வென்ட். இதே ரோட்டில் டவுனுக்குள் நுழையும்போது மஞ்சள் காம்பவுண்டுச் சுவர் வருமே, அதுதான். அந்தக் கட்டுப்பாடு வேறு எங்கேயும் கிடையாது. வகுப்பு நடக்கும்போது ஒரு விரல் தூக்கினால் ஒன்று, இரண்டு விரல் தூக்கினால் இன்னொன்று. வாயைத் திறந்து கேட்கக் கூடாது. விரலைத் தூக்கினால் மொத்த வகுப்பும் திரும்பிப் பார்க்கும். சிஸ்டர் பெர்னதெத் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். பார்த்துவிட்டு, "கான்ட் யூ வெயிட்?" என்பார். முடியும் சிஸ்டர் என்று உட்கார்ந்துவிடுவேன். முடியும்தான். பழகினால் எல்லாம் முடியும். ஐந்தாம் வகுப்புக்குப் பிறகு நான் விரலே தூக்கினதில்லை. ஆண்டு விழாவில் நன்னடத்தைக்கு மெடல் கொடுத்தார்கள். அதெல்லாம் இந்தக் காலத்துக் குழந்தைகளுக்குச் சொன்னால் புரியாது.

காலேஜும் படித்து முடித்ததும் கட்டிக்கொடுத்தார்கள். தோட்டத்து வீடு. ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, சுற்றிலும் மஞ்சளும் தென்னையும். வீட்டுக்காரர் போர்வெல் வண்டியில் மேனேஜர், வருஷத்தில் முக்கால்வாசி ராய்ப்பூர் பக்கம். வீட்டில் அத்தை, மாமா, நான், பாப்பா இனியா. அத்தை என்றால் மாமியார், மாமா என்றால் மாமனார். நல்ல மனுஷர்கள்தான், நான் குறை சொல்ல வரவில்லை. ஒரே ஒரு குறை.

அந்த இடம் வீட்டுக்குள் கிடையாது. பின்பக்கம் கிணறு இருக்கிறதென்று முன்வாசலில், வேப்ப மரத்துக்கு நேர் எதிரே கட்டிவைத்திருக்கிறார்கள். வேப்ப மரத்தடியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதில் மாமா. விடிந்ததும் பால் கறந்து வைத்துவிட்டுப் பேப்பரோடு உட்காருவார். ஏல அறிவிப்பு, காலமானார், மாப்பிள்ளை தேவை, ஒன்று விடாமல் படிப்பார். நான் சமையலறை வாசலில் வந்து நிற்பேன். அவர் தலை தெரியும். திரும்பி உள்ளே போய் இன்னும் கொஞ்சம் தேங்காய் துருவுவேன். அவர் பால் சொசைட்டிக்குப் போனதும் போகலாம் என்றால் அதற்குள் மஞ்சளுக்குக் களை எடுக்கிற ஆட்கள் வந்துவிடுவார்கள். வந்தவர்கள் அதே மரத்தடியில்தான் தூக்குப்போசியை வைப்பார்கள். சரி, பொழுது சாயட்டும் என்று விட்டுவிடுவேன். ஆறு வருஷம் இப்படித்தான். தண்ணீரைக் கொஞ்சமாகக் குடித்தால் பிரச்சினையே இல்லை. ஒரு நாள்கூட, ஒரே ஒரு நாள்கூட, நான் யாரையும் எழுந்துபோகச் சொன்னதில்லை. வளர்ப்பு அப்படி.

போன பங்குனியில் வலி ஆரம்பித்தது. இடது பக்கம், இடுப்பு எலும்புக்குக் கொஞ்சம் உள்ளே. விரலால் ஒரு இடத்தைத் தொட்டுக் காட்டலாம், அவ்வளவு சரியாக இருக்கும். ராத்திரி சுரம், காலையில் இருக்காது. அத்தை கேட்டுவிட்டார்.

"ஏன் அம்மிணி, ஒரு பக்கமா சாஞ்சு சாஞ்சு நடக்கற? எங்க நோவுது?"

அந்த நேரம் பார்த்து மாமா சாப்பிட உட்கார்ந்திருந்தார். நான் என்ன சொல்வேன்? "லேடீஸ் ப்ராப்ளம் அத்தை" என்றேன். அந்த வார்த்தைக்கு ஒரு நல்ல குணம் உண்டு, ஆண்கள் அதற்குமேல் காது கொடுக்க மாட்டார்கள். மாமா பாதி சோற்றோடு எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

அத்தை போகவில்லை. அவருக்கு அந்தப் பிரச்சினைக்கு என்னென்ன செய்ய வேண்டுமென்று எல்லாம் தெரியும். அன்றைக்குச் சாயங்காலமே எள்ளை வறுத்துக் கருப்பட்டி போட்டு இடித்து உருண்டை பிடித்தார். காலையில் இரண்டு, பொழுதோட இரண்டு. நடுவில் உளுந்தங்களி, அதில் குழி பறித்து நல்லெண்ணெய் ஊற்றி. "கருப்பை பலமில்லீனா இப்படித்தான் ஒரு பக்கம் இழுக்கும். தின்னு கண்ணு. அடுத்தது பையனாப் பொறக்கும்." பக்கத்திலேயே உட்கார்ந்து, நான் மென்று முழுங்குகிற வரைக்கும் பார்ப்பார். வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? கொடுத்ததை மீதி வைக்காமல் சாப்பிட வேண்டுமென்பதும் கான்வென்ட்டில் சொல்லிக்கொடுத்ததுதான்.

சொல்லுங்கள் அக்கா, யாராவது குடல் வீங்கிக் கிடக்கிற பெண்ணுக்கு எள்ளுருண்டை கொடுப்பார்களா? எனக்கு இன்னும் அந்த ஆற்றாமை போகவில்லை. வியாதி என்னவென்று ஒரு வார்த்தை விசாரித்திருக்க வேண்டாமா?

சரி, அதை விடுங்கள். ஒரு நாள் அத்தை அவருடைய அண்ணன் வீட்டுச் சீருக்குக் கரூர் போய்விட்டார். வீட்டில் நான், பாப்பா, மாமா. மத்தியானம் பாப்பாவுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தேன், கை நடுங்கி ஸ்பூன் விழுந்தது. அடுத்து பல் கிட்டிக்கொண்டது. சித்திரை வெயிலில் எனக்கு அப்படி ஒரு குளிர். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றதுதான் ஞாபகம். பாப்பா ஓடிப்போய், "தாத்தா, அம்மா ஆடறா" என்று சொல்லியிருக்கிறாள். மாமா வந்து வாசலிலேயே நின்றார். மருமகள் இருக்கிற அறைக்குள் அவர் வர மாட்டார். அங்கிருந்தே பார்த்தார். அப்புறம் போய்ப் பக்கத்துத் தோட்டத்துக் காரைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

ஈரோட்டில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. எமர்ஜென்சியில் சின்ன வயசு டாக்டர், என்னைவிடச் சின்னவராக இருப்பார். திரைச்சீலையை இழுத்துவிட்டார். திரைக்கு அந்தப் பக்கம் மாமாவின் செருப்பு தெரிந்தது.

"மோஷன் ஒழுங்கா போகுதாம்மா?"

"நார்மல், டாக்டர்."

"கடைசியா எப்ப போனீங்க?"

"ரெகுலர், டாக்டர். ஜஸ்ட் சம் டிஸ்கம்பர்ட்." இங்கிலீஷில் சொன்னால் மாமாவுக்குப் புரியாது என்று நினைத்தேன்.

"அப்ப கேஸ் ட்ரபிள்தான். ஊசி போட்டு அனுப்பிரலாம்" என்று நர்ஸிடம் சொன்னார். எனக்கும் அது நல்லதாகத்தான் பட்டது. வீட்டுக்குப் போய்விடலாம்.

அப்போது அந்தச் செருப்பு நகர்ந்தது. திரையை விலக்கிக்கொண்டு மாமா உள்ளே வந்தார். துண்டைக் கையில் சுருட்டி வைத்திருந்தார். என்னைப் பார்க்கவில்லை, சுவரில் மாட்டியிருந்த பல்லி விரட்டுகிற மயிலிறகையோ எதையோ பார்த்துக்கொண்டு பேசினார்.

"ஏனுங் சாமி, அந்தப் புள்ள பொய் சொல்லுதுங்."

டாக்டர் நிமிர்ந்தார்.

"அது நாலஞ்சு நாளா அந்தக் கதவுப் பக்கமே போகலீங். போனாலும் ஒண்ணுமில்லாம ஒடனே வந்துருது, மூஞ்சியெல்லாம் வேத்துப்போயி. நான் மரத்தடியிலதான் உக்காந்திருப்பனுங். அது சமயக்கட்டு வாசப்படி வரைக்கும் வரும். என்னயப் பாத்தா திரும்பிப் போயிரும். நாளும் இப்படித்தானுங். நானு, புள்ள மரியாதைக்குப் பண்ணுதுன்னு இருந்துட்டனுங். எந்திரிச்சு அக்கட்ட போகோணும்னு எனக்கு உறைக்கவே இல்லீங்."

அதுவரைக்கும் ஆறு வருஷத்தில் மாமா என்னிடம் நேராகப் பேசினதையெல்லாம் சேர்த்து எழுதினால் ஒரு தபால் கார்டில் அடங்கிவிடும். உப்பு கொஞ்சம் கம்மி, தபால்காரர் வந்தாரா, மழை வரும் போல இருக்கு. அப்படிப்பட்டவர் ஒரு அந்நிய ஆண்பிள்ளைக்கு முன்னால், இரண்டு நர்ஸுகளுக்கு முன்னால், என்னுடைய இதைப் பற்றியெல்லாம் வாசித்துக்கொண்டு நிற்கிறார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். அன்றைக்கு வலி பெரிதா அவமானம் பெரிதா என்று கேட்டால் நான் யோசிக்கவே மாட்டேன்.

அதற்கப்புறம்தான் டாக்டர் இடது பக்கம் கையை வைத்து அழுத்தினார். அழுத்தினபோதுகூடப் பரவாயில்லை. கையை எடுத்தார் பாருங்கள், அப்போது நான் போட்ட சத்தத்தில் பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். உடனே ஸ்கேன். பெரிய டாக்டர் வந்தார். சீழ் கட்டியிருக்கிறது, இன்னும் ஓட்டை விழவில்லை, நாளைக்கு வந்திருந்தால் வயிற்றைக் கிழித்திருப்போம் என்றார். குடலில் ஒரு துண்டை எடுத்துவிட்டு, முனையை வயிற்றுக்கு வெளியே வைத்து, அதில் ஒரு பையை ஒட்டி, எல்லாம் அதில்தான். ஆறுகிற வரைக்கும் அப்படி. இந்தத் தடவை மருந்திலேயே பார்க்கலாம், மறுபடி மறுபடி வந்தால் கத்திதான் என்றார்.

அந்தப் பையைப் பற்றிச் சொன்னதும் யார் கண்ணிலாவது பட்டுவிடுமே என்று நினைத்தேன். இல்லை, பாப்பாவை முதலில் நினைத்தேன், அப்புறம்தான் பையை.

வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல் டிரிப்ஸில் கிடந்தேன். அப்புறம் வடிகட்டின கஞ்சித் தண்ணீர், இளநீர். உடம்புக்குப் பட்டினி பழகிவிட்டது, மனசுதான் கேட்கவில்லை. பாப்பா என் காது மடலைப் பிடித்துக்கொண்டால்தான் தூங்குவாள். நான் இல்லாவிட்டால் யார் காது? அத்தை காதில் அவ்வளவு பெரிய தொங்கட்டான், குழந்தை விரலைக் கிழித்துவிடும். இதையே திரும்பத் திரும்ப யோசித்துக்கொண்டு கிடந்தேன். செத்துப்போவதைப் பற்றி யோசிக்கவில்லை, தொங்கட்டானைப் பற்றித்தான். மாமா பாப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்தார். இரட்டைச் சடை, இரண்டையும் கன்றுக்குட்டிக்குக் கயிறு போடுவதுபோல முடிச்சுப் போட்டிருந்தார். அதை அவிழ்க்கவே எனக்கு அரைமணி நேரம் ஆயிற்று. அவிழ்க்கிற வரைக்கும் அழவில்லை.

டிஸ்சார்ஜ் பண்ணும்போது டாக்டரிடம் கேட்டேன், என் குழந்தைக்கும் இது வருமா என்று.

"அப்படியெல்லாம் பயப்படாதீங்கம்மா. நெறைய தண்ணி குடிக்க வைங்க. கீரை, காய் குடுங்க. வந்தா போகவிடுங்க, அடக்கப் பழக்காதீங்க. உங்களுக்கும் அதேதான்."

பொதுவாக எல்லா டாக்டரும் எல்லாருக்கும் சொல்வதுதான். குறிப்பாக ஒன்றும் சொல்லவில்லை. அதனால் விதை விஷயத்தை நானே கையில் எடுத்துக்கொண்டேன். பாப்பாவுக்குத் தக்காளியை டீ வடிகட்டியில் வடிகட்டித்தான் ரசம். வெள்ளரிக்காயில் நடுப்பாகம் கிடையாது. பெற்றவள் நான் பயப்படாமல் வேறு யார் பயப்படுவது?

வீட்டுக்கு வந்தால் அத்தை கரூரிலிருந்து வந்து உட்கார்ந்திருக்கிறார். விஷயம் எல்லாம் மாமா சொல்லியாயிற்று.

"ஏன்டி, குண்டிக்குள்ள நோவுன்னு சொல்றதுக்கு வாய் வரலியா உனக்கு? அந்தப் படிப்பு படிச்சியே, அதுக்கு ஒரு வார்த்த சொல்லிக் குடுக்கலியா? அத்தன எள்ளையும் உனக்கு இடிச்சுப் போட்டனே. ஆட்டியிருந்தா ஒரு போசி எண்ணெயாச்சும் கெடச்சிருக்கும்."

இவ்வளவும் வாசலில் நின்று. களை எடுக்கிற ஆட்கள் எல்லாரும் அன்றைக்கு வேலைக்கு வந்திருந்தார்கள். அவர்களில் ஒருத்தி, ராக்காத்தா என்று பெயர், "இஞ்சிக் கசாயம் வெச்சுக் குடு ஆத்தா, சரளமாப் போகும்" என்று யோசனை சொன்னாள். என் வியாதி இப்போது ஊருக்குப் பொது.

அதைவிட மோசம் மாமா செய்தது. மறுநாள் காலையில் சமையலறை வாசலில் வந்து நின்றேன். வேப்ப மரத்தடியில் நாற்காலி இல்லை. மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால், சாணிக் குழிக்குப் பக்கத்தில், சுவரைப் பார்க்கத் திருப்பிப் போட்டு உட்கார்ந்திருக்கிறார். அந்த நாற்றத்தில் பேப்பர் படிக்கிறார். என் முகத்தில் விழிப்பதற்கு அவ்வளவு வெறுப்பா என்று நினைத்தேன். அன்றைக்கு நான் நேராக நடந்துபோய்க் கதவைச் சாத்திக்கொண்டு அங்கேயே கொஞ்ச நேரம் அழுதேன். அழுவதற்கும் அது நல்ல இடம்தான். அதற்கப்புறம் இரண்டு மாதமாக எனக்குச் சுரமே வரவில்லை, அது விதை நிறுத்தினதால்.

இன்றைக்கு எங்கே போகிறேன் என்று கேட்கிறீர்கள். அதற்குத்தான் வருகிறேன். கான்வென்ட்டுக்குத்தான் போகிறேன். மன்னிப்புக் கேட்க.

ஜூனில் பாப்பாவை அங்கேதான் எல்.கே.ஜி. சேர்த்தேன். சிஸ்டர் பெர்னதெத்தான் இப்போது ஹெட்மிஸ்ட்ரஸ். என்னை ஞாபகம் வைத்திருந்தார். "அந்த நன்னடத்தை மெடல் பெண்ணா?" என்றார். அந்த ஒரு வார்த்தையில் என் வயிறு குளிர்ந்துவிட்டது. பாப்பாவும் என்னைப் போலத்தான். சேர்த்து ஒரு மாதத்தில் கிளாஸ் டீச்சர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார், "இனியா மாதிரி ஒரு குழந்தையை நான் பார்த்ததில்லை மேடம். மற்றதெல்லாம் அழுகிறது, நனைக்கிறது. இவள் ஒரு தடவைகூட விரல் தூக்கினதில்லை." நான் சாயங்காலம் வீட்டில் எல்லாரும் இருக்கும்போது இதைச் சொன்னேன். பெருமையாக இருக்காதா?

மாமா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கையை உதறிவிட்டு எழுந்துவிட்டார்.

மறுநாள் இன்டர்வல் நேரத்துக்கு டி.வி.எஸ். பிப்டியை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்து கேட்டில் போய் நின்றிருக்கிறார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தலையில் துண்டு. கம்பிக்குள் வாயை வைத்து அங்கேயிருந்து கூப்பிடுகிறார், "அம்மிணி, வெளிக்கு வருதா சாமி? வந்தா போயிட்டு வா. தாத்தன் இங்கயேதான் நிக்கறன்." இவள் ஆயாவைக் கூட்டிக்கொண்டு போய்விட்டு வந்து கையை ஆட்டியிருக்கிறாள். இவரும் கையை ஆட்டிவிட்டு வந்துவிட்டார். அடுத்த நாளும். அதற்கடுத்த நாளும். இப்போது அவர் தலை தெரிந்தாலே மொத்த எல்.கே.ஜி.யும் விரலைத் தூக்குகிறதாம். ஆயா தன்னால் முடியாது, வேலையை விட்டு நின்றுகொள்கிறேன் என்றாளாம். போன வாரம் வாட்ச்மேன் துரத்தியிருக்கிறார். மாமா அந்தப் பக்கத்துச் சந்தில் போய் நின்று, காம்பவுண்டுச் சுவருக்கு மேலே கூப்பிட்டிருக்கிறார்.

நேற்று சிஸ்டர் போன் பண்ணினார். குரலை உயர்த்தவே இல்லை. இன்னொரு தடவை தாத்தா வந்தால் டி.சி.யை வாங்கிக்கொள்ளுங்கள், எங்களுக்கும் ஒரு பெயர் இருக்கிறது என்றார். ராய்ப்பூருக்குப் போன் பண்ணினால் இவர், "அப்பாகிட்ட நீயே பேசிக்க, எனக்கு இங்க கம்ப்ரசர் ஓடலை" என்று வைத்துவிட்டார். கடைசியில் நானேதான் கொட்டகைக்குப் போனேன். மாமா கன்றுக்குட்டியைத் தடவிக்கொண்டிருந்தார்.

"மாமா, நாளைலேர்ந்து ஸ்கூலுக்குப் போகாதீங்க. சிஸ்டர் கோவிச்சுக்கறாங்க."

"ஏன் அம்மிணி, அந்தச் சிஸ்டரம்மாளும் மனுசிதான? அவிகளுக்கு வராதா?"

அந்தக் கேள்வியை மனசில் நினைப்பதே பாவம். "கட்டுப்பாடு மாமா. அங்க அப்படித்தான்" என்றேன்.

"நீ ஆஸ்பத்திரில கெடந்தப்ப எனக்கு இந்தக் கண்ணுதான் மின்னால நின்னுச்சு" என்று பாப்பா படுத்திருந்த பக்கம் கையைக் காட்டினார். "நீ அடக்கிக்கிட்டு நின்னத ஆறு வருசம் பாத்தும் எனக்குப் புரியல. இதயும் பாத்துக்கிட்டு இருக்கச் சொல்றியா?"

"நீங்க வரமாட்டீங்கன்னு நாளைக்குப் போயி வாக்குக் குடுக்கப் போறேன் மாமா."

தலையை ஆட்டினார். ஆட்டினது எனக்கா கன்றுக்குட்டிக்கா என்று இப்போது யோசித்தால் சந்தேகமாக இருக்கிறது.

படிக்காதவர் சிஸ்டர், கிராமத்து மனுஷர், பெரிய மனசு பண்ண வேண்டும் என்று இங்கிலீஷில் எல்லாம் தயார் பண்ணிவிட்டேன். அவர் கேட்டில் நின்று என்ன கேட்டார் என்பதற்கு மட்டும் ஒரு கௌரவமான வார்த்தை கிடைக்கவில்லை. பரவாயில்லை, சிஸ்டருக்கே தெரியும். பாப்பா படிப்பு முக்கியம். அந்தக் கான்வென்ட்டில் இடம் கிடைக்காமல் எத்தனை பேர் தவிக்கிறார்கள். என்னைப் பாருங்கள், நான் இன்றைக்கு நாலு பேர் நடுவில் இப்படிப் பேசுகிறேன் என்றால் அது யார் போட்ட அஸ்திவாரம்?

டீச்சர் அன்றைக்கு இன்னொன்றும் சொன்னார். "சில சமயம் இனியா காலைப் பின்னிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள் மேடம், நெற்றியெல்லாம் முத்து முத்தாக வேர்க்கும். ஃபேன் அடியில்தான் உட்கார வைத்திருக்கிறேன், அப்படியும் வேர்க்கிறது. வேணுமா என்று கேட்டால் வேண்டாம் என்று தலையாட்டுவாள். எவ்வளவு கன்ட்ரோல், இந்த வயசில்." நாலு வயசு அக்கா. யாருக்கு வரும்?

அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். முதலில் முதுகில் ஒரு குளிர் இறங்கும். கை ரோமம் எல்லாம் நிற்கும். பெஞ்சின் ஓரத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும், யார் பேசினாலும் காதில் விழாது, போர்டில் எழுதினது தெரியாது. யாராவது நம் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டு இருக்க வேண்டும். கொஞ்ச நேரம் அப்படியே இருந்தால் அதுவாகப் போய்விடும். போனதும் ஒரு நிம்மதி வரும் பாருங்கள், ஜெயித்தது போல. பள்ளிக்கூடம் முடிகிற வரைக்கும் நான் அப்படி ஜெயித்திருக்கிறேன். அப்புறம் ஒரு ஆறு வருஷம்.

நாலு வயசில் எனக்கு வேர்த்ததா என்று ஞாபகம் இல்லை. வேர்த்திருக்கும்.

இல்லை அக்கா, ஒன்றுமில்லை. வலி இல்லை. வெந்நீர் இருக்கிறது, நன்றி.

வாய்க்கால் பாலம் வந்துவிட்டதா? அடுத்தது கான்வென்ட்தான். கண்டக்டர் கூப்பிடுவார்.

அந்த வண்டியைப் பார்த்தீர்களா? இப்போது நம் பஸ்ஸை ஒட்டிக்கொண்டு முந்திப் போச்சே, அந்த டி.வி.எஸ். பிப்டி. தலையில் பச்சைத் துண்டு. அவரேதான். முன்னால் மஞ்சள் பை தொங்குகிறது, அதில் பாப்பாவின் மாற்று உடுப்பு இருக்கும், தினமும் கொண்டுபோகிறாராம். பஸ்ஸை முந்தவேண்டிய அவசரத்தில் ஹாரன்கூட அடிக்கவில்லை. மணியைப் பாருங்கள், இன்டர்வல் விடுகிற நேரம்.

இப்போது இறங்கினால் கேட்டிலேயே பிடித்துவிடலாம். வாட்ச்மேனிடம் சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டு, அப்படியே உள்ளே போய், இனிமேல் வரமாட்டார் சிஸ்டர் என்று சொல்லிவிடலாம். அதற்குத்தான் வந்தேன்.

கான்வென்ட் என்று கண்டக்டர் கூப்பிட்டுவிட்டார். நீங்கள் உட்காருங்கள் அக்கா, நான் இங்கே இறங்கவில்லை. நான் அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடந்து வருகிறேன். ஒன்றும் தூரமில்லை, இன்டர்வல் முடிவதற்கும் நான் வந்து சேருவதற்கும் சரியாக இருக்கும். டாக்டர் என்னைத் தினமும் நடக்கச் சொல்லியிருக்கிறார்.

வெயிலா? இருக்கட்டும். மெதுவாகத்தான் நடக்கச் சொல்லியிருக்கிறார்.